இணையச் சந்தைகளின் சேவை விதிமுறைகள்

இணையச் சந்தைகளின் சேவை விதிமுறைகள் என்பன, பல விற்பனையாளர்களும் வாங்குவோரும் கூடும் ஓர் இணையத்தளத்தை நடத்தும் நிறுவனம், அத்தளத்தைப் பயன்படுத்துவோருக்கு விதிக்கும் நிபந்தனைகளின் தொகுப்பு ஆகும். கணக்குத் தொடங்கும்போது "ஏற்கிறேன்" என்னும் பொத்தானை அழுத்துவதன் மூலம் பயனர் இவற்றுக்கு உடன்பட்டதாகக் கருதப்படுகின்றது. இவை வெறும் அறிவிப்புகள் அல்ல. இந்தியச் சட்டத்தின்படி இவை ஓர் ஒப்பந்தமாகும்.

ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட யாவும் செல்லுபடியாகும் என்று இதற்குப் பொருள் இல்லை. நுகர்வோருக்குச் சட்டம் வழங்கியுள்ள சில உரிமைகளை விதிமுறைகளால் பறிக்க இயலாது. ஆனால் அதே தளத்தில் தம் பொருளை விற்கும் சிறு உற்பத்தியாளருக்கு இத்தகைய பாதுகாப்பு மிகக் குறைவு. அவரைப் பொறுத்தவரை எழுதப்பட்ட விதியே பெரும்பாலும் இறுதியானது. இக்கட்டுரையில் இந்திய நிலைமை, தாமிரபரணி ஆற்றுப்பகுதியின் பத்தமடைப் பாய், திருநெல்வேலி அல்வா போன்ற பொருள்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கப்படுகின்றது.

மூன்று ஒப்பந்தங்கள்

இணையச் சந்தையில் ஒரு பொருள் கைமாறும்போது, ஒன்றல்ல, மூன்று ஒப்பந்தங்கள் இயங்குகின்றன.

1. வாங்குபவருக்கும் சந்தை நிறுவனத்துக்கும் இடையிலான பயன்பாட்டு ஒப்பந்தம்.
2. விற்பனையாளருக்கும் சந்தை நிறுவனத்துக்கும் இடையிலான சேவை ஒப்பந்தம். கட்டணம், பணம் வழங்கும் கால அளவு, கணக்கை முடக்கும் அதிகாரம் ஆகியன இதில் அடங்கும்.
3. வாங்குபவருக்கும் விற்பனையாளருக்கும் இடையிலான விற்பனை ஒப்பந்தம்.

மூன்றாவது ஒப்பந்தத்தில் தான் ஒரு தரப்பினர் அல்ல என்பதை ஏறத்தாழ எல்லாச் சந்தை நிறுவனங்களும் தம் விதிமுறைகளில் குறிப்பிடுகின்றன. சென்னையில் இருக்கும் ஒருவர் பத்தமடைப் பாய் ஒன்றை இணையச் சந்தையில் வாங்கினால், சட்டப்படி அவருக்கு அதை விற்றவர் பொருள் பக்கத்தில் விற்பனையாளர் எனக் குறிக்கப்பட்டவரே. சந்தை நிறுவனம் இடைநிலையாளர் மட்டுமே. ஊர்ச் சந்தையில் வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைத்துத் தரகு பெறும் தரகரின் நிலையோடு இதை ஒப்பிடலாம். ஆனால் பணத்தை வாங்கித் தன்னிடம் வைத்திருப்பது, பொருளை அனுப்புவது, திருப்புதலைத் தீர்மானிப்பது, எந்தப் பொருள் முதலில் தோன்ற வேண்டும் என முடிவு செய்வது ஆகிய அனைத்தையும் இங்கே தரகரே செய்கின்றார். பிணக்குகள் பெரும்பாலும் இந்த முரண்பாட்டிலிருந்தே எழுகின்றன.

தோற்றமும் வளர்ச்சியும்

ஐக்கிய அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஈபே, முன்பின் அறியாதவர்கள் தமக்குள் வணிகம் செய்யும் இணையச் சந்தை முறையைப் பரவலாக்கியது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பாஸி.காம் என்னும் ஏலத்தளத்தை 2004இல் ஈபே விலைக்கு வாங்கியது. அதே ஆண்டின் இறுதியில், பயனர் ஒருவர் ஆபாச ஒளிப்பதிவு ஒன்றை இத்தளத்தில் விற்பனைக்கு வைத்தார். இத்தகைய பொருள்களை விற்கலாகாது எனத் தளத்தின் விதிமுறைகள் தடை செய்திருந்தும், தளத்தின் தலைவர் அவ்னிஷ் பஜாஜ் கைது செய்யப்பட்டார். 2012இல் உச்ச நீதிமன்றம் அவர் மீதான நடவடிக்கையை நீக்கியது. ஈபேயின் இந்தியத் தளம் 2018இல் மூடப்பட்டது.

பயனரின் செயலுக்குத் தளம் எந்த அளவு பொறுப்பு என்னும் கேள்வியை இவ்வழக்கு எழுப்பியது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 என்பதில் 2008ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம் 2009 அக்டோபர் 27 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 79ஆம் பிரிவின்படி, உரிய கவனத்துடன் நடந்துகொள்ளும் இடைநிலையாளர், பிறர் வெளியிடும் தகவலுக்குப் பொறுப்பாவதில்லை. இவ்விலக்கைப் பெறுவதற்காகவே, எவற்றை விற்கக்கூடாது என்னும் நீண்ட பட்டியல் விதிமுறைகளில் இடம்பெறுகின்றது.

"நாங்கள் விற்பனையாளர் அல்லர்" என்னும் வாசகத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. வெளிநாட்டு முதலீடு பெற்ற நிறுவனங்கள் சந்தையை நடத்தலாம், ஆனால் சரக்கைத் தாமே உடைமையாக்கி நேரடியாக நுகர்வோருக்கு விற்கலாகாது என 2016 மார்ச்சில் இந்திய அரசு அறிவித்தது. 2018 டிசம்பரில் வெளியாகி 2019 பெப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பு இதை மேலும் இறுக்கியது. ஒரு பொருளைத் தம் தளத்தில் மட்டுமே விற்க வேண்டும் என விற்பனையாளரைக் கட்டாயப்படுத்துவதையும் அது தடுத்தது.

சட்ட அடிப்படை

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 இணைய ஒப்பந்தங்களுக்கும் பொருந்தும். முன்மொழிவு, ஏற்பு, கைமாறு, ஒப்பந்தம் செய்யும் தகுதி, சட்டத்துக்கு உட்பட்ட நோக்கம் ஆகியன இருத்தல் வேண்டும். மின்னணு வடிவில் உருவானது என்ற ஒரே காரணத்தால் ஓர் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது எனத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10அ பிரிவு கூறுகின்றது.

18 வயது நிறையாதவருடன் செய்யப்பட்ட ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்பது 1903ஆம் ஆண்டின் மொகோரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் வகுத்த நெறியாகும். இதனாலேயே பள்ளி மாணவர்கள் தம் பெயரில் கணக்குத் தொடங்குவதைச் சந்தைகள் அனுமதிப்பதில்லை. பெற்றோர் அல்லது காப்பாளர் வழியாகவே பயன்படுத்த வேண்டும் என விதிக்கின்றன.

ஏற்கும் முறையைக் கொண்டு இவ்வொப்பந்தங்கள் இரு வகைப்படும்.

* சொடுக்கு ஒப்பந்தம்: பயனர் ஒரு பொத்தானை அழுத்தியோ கட்டத்தில் குறியிட்டோ வெளிப்படையாக ஏற்பது.
* உலாவல் ஒப்பந்தம்: பக்கத்தின் அடியில் ஓர் இணைப்பை மட்டும் வைத்து, தளத்தைப் பயன்படுத்துவதையே ஏற்பாகக் கொள்வது.

முதல் வகை பொதுவாகச் செல்லும். இரண்டாம் வகையில், விதிமுறைகள் இருப்பதைப் பயனர் அறிந்துகொள்ளும் வாய்ப்பு இருந்ததா என்பதே கேள்வி. பதிவிறக்கப் பொத்தானுக்குக் கீழே, திரையை நகர்த்தினால் மட்டுமே தெரியும்படி வைக்கப்பட்ட விதிமுறைகள் பயனரைக் கட்டுப்படுத்தா என ஐக்கிய அமெரிக்காவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2002ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் வழக்கில் தீர்ப்பளித்தது.

இரு வகையிலும் பேரம் பேச இடமில்லை. ஒரு தரப்பு எழுதியதை மறுதரப்பு ஏற்கலாம் அல்லது விலகலாம். இத்தகைய படிவ ஒப்பந்தங்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1986ஆம் ஆண்டு மத்திய உள்நாட்டு நீர்ப்போக்குவரத்துக் கழக வழக்கில் ஆராய்ந்தது. பேரம்பேசும் வலிமையில் பெரும் ஏற்றத்தாழ்வு உள்ள நிலையில், மனச்சான்றுக்கு ஒவ்வாத நிபந்தனைகள் பொதுக்கொள்கைக்கு முரணானவை என்பதால் செல்லா என அது தீர்ப்பளித்தது. ஆயினும் அது ஊழியர் ஒருவரின் பணி ஒப்பந்தம் பற்றிய வழக்காகும். வணிகர்கள் தமக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களுக்கு இந்நெறி பொருந்தாமல் போகலாம் என்று அத்தீர்ப்பிலேயே கூறப்பட்டுள்ளது.

முதன்மையான விதிகள்

கட்டணமும் பணம் வழங்கலும்

விற்பனை விலையில் ஒரு விழுக்காடு தரகு, ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு நிலைக்கட்டணம், எடைக்கும் தொலைவுக்கும் ஏற்ற அனுப்புகைக் கட்டணம் ஆகியவற்றைச் சந்தைகள் பிடித்துக்கொள்வது வழக்கம். இக்கட்டணங்களின் மீது 18% சரக்கு மற்றும் சேவை வரி உண்டு. கட்டண விகிதங்கள் பெரும்பாலும் முதன்மை ஒப்பந்தத்தில் இருப்பதில்லை. தனிப்பக்கம் ஒன்றில் தரப்பட்டு, அப்பக்கமும் ஒப்பந்தத்தின் பகுதியே என ஒரு வரியில் சேர்க்கப்பட்டிருக்கும்.

விளக்கத்துக்காக மட்டும் கொள்ளப்பட்ட எண்களைக் கொண்டு ஒரு கணக்கைப் பார்க்கலாம். வரிப்பதிவு வரம்புக்குக் குறைவான வருமானம் உள்ள நெசவாளர் ஒருவர் ஒரு பாயை 2,000 ரூபாய்க்கு விற்கின்றார் எனக் கொள்க.

* தரகு 12%: 240 ரூபாய்
* நிலைக்கட்டணம்: 30 ரூபாய்
* அனுப்புகைக் கட்டணம்: 120 ரூபாய்
* இவற்றின் மீது 18% வரி: 70.20 ரூபாய்
* மொத்தப் பிடித்தம்: 460.20 ரூபாய்
* நெசவாளருக்குக் கிடைப்பது: 1,539.80 ரூபாய்

வரிப்பதிவு பெற்ற வணிகர் 70.20 ரூபாயை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். பதிவு பெறாத நெசவாளருக்கு அது செலவே. அதே பாய் திருப்பி அனுப்பப்பட்டு, தரகும் நிலைக்கட்டணமும் தள்ளுபடி செய்யப்பட்டாலும், இருவழி அனுப்புகைக் கட்டணம் 240 ரூபாயும் அதன் வரி 43.20 ரூபாயும் நெசவாளர் மீது விழக்கூடும். அவ்வாறாயின் எதுவும் விற்காமலேயே அவருக்கு 283.20 ரூபாய் இழப்பு. எனவே தரகு விகிதத்தைக் காட்டிலும், திருப்புதல் செலவு யாருடையது என்னும் விதியே சில வேளைகளில் முக்கியமானதாகின்றது.

முன்பு இணையச் சந்தை வழியே பொருள் விற்கும் எவரும் வருமான வரம்பு பாராது சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு பெற வேண்டியிருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், வரம்புக்குக் குறைவான வருமானம் உள்ளவர்கள் தம் மாநிலத்துக்குள் மட்டும் விற்பதாயின் பதிவின்றி, ஒரு சேர்க்கை எண்ணை மட்டும் பெற்று விற்கலாம். ஆகவே பத்தமடையிலிருந்து சென்னைக்குப் பாய் அனுப்பப் பதிவு வேண்டியதில்லை. பெங்களூருக்கு அனுப்ப வேண்டும். பதிவு பெற்ற விற்பனையாளர்களின் வரி மதிப்பில் 0.5% தொகையைச் சந்தை நிறுவனம் பிடித்து அரசுக்குச் செலுத்துகின்றது. இது 2024 சூலை 10க்கு முன் 1% ஆக இருந்தது. இத்தொகை இழப்பன்று, வரிக்கணக்கில் வரவு வைக்கப்படுவது.

திருப்புதல்

பொருளைத் திருப்ப எத்தனை நாள், எக்காரணத்துக்காக, எந்நிலையில் என்பவற்றை இவ்விதி வரையறுக்கின்றது. அல்வா போன்ற கெடக்கூடிய உணவுப் பொருள்களும், வாங்குபவரின் விருப்பப்படி செய்யப்பட்டவையும் பொதுவாகத் திருப்புதலுக்கு உட்படா. பத்தமடையில் திருமணத்துக்கென மணமக்கள் பெயரை நெய்து தரும் வழக்கம் உண்டு. அத்தகைய பாயை மறுபடி வேறொருவருக்கு விற்க இயலாது. எனவே பொருள் விவரத்தில் அது தனிவேண்டுகோளின்படி செய்யப்பட்டது எனக் குறிப்பதும், சந்தையின் உரிய வகைப்பாட்டில் சேர்ப்பதும் நெசவாளருக்குக் காப்பாகும்.

"திருப்ப இயலாது" என்னும் குறிப்பு, பழுதுள்ள பொருளுக்குப் பொருந்தாது. பழுதுள்ள, போலியான, விளம்பரத்தில் கூறியவாறு அமையாத, அல்லது கூறப்பட்ட நாளுக்குப் பின் வந்த பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கலாகாது என 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள் கூறுகின்றன. தாமதம் எவராலும் தடுக்க இயலாத நிகழ்வால் ஏற்பட்டிருப்பின் இது பொருந்தாது. கெட்டுப்போன நிலையில் வந்துசேர்ந்த அல்வாவுக்குப் பணத்தைத் திரும்பக் கேட்க வாங்கியவருக்கு உரிமை உண்டு.

கைவினைப் பொருளில் "விவரித்தபடி இல்லை" என்னும் காரணம் சிக்கலானது. கோரையின் சாயம் பாய்க்குப் பாய் சற்று வேறுபடுவது இயல்பு. படத்தில் உள்ள நிறத்திலிருந்து வேறுபாடு இருக்கக்கூடும் என்பதையும், அளவையும், இழை நுணுக்கத்தையும் முன்கூட்டியே எழுதிவைத்தால் இப்பிணக்குகள் குறையும்.

பொறுப்பு வரையறை

இழப்பு எவ்வளவாயினும் தம் பொறுப்பு ஒரு குறிப்பிட்ட தொகையை மீறாது எனச் சந்தை நிறுவனங்கள் எழுதுவதுண்டு. பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில் (1996), கூரியர் நிறுவனம் ஒன்றின் படிவத்தில் பொறுப்பு 100 அமெரிக்க டாலருக்கு மேற்படாது என அச்சிடப்பட்டிருந்தது. கையொப்பமிட்டவரை அந்நிபந்தனை கட்டுப்படுத்தும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படிக்காமல் ஒப்பமிட்டேன் என்பது பொதுவாக ஏற்கப்படுவதில்லை என்பதற்கு இவ்வழக்கு எடுத்துக்காட்டாகும்.

கணக்கை முடக்கலும் விதிகளை மாற்றலும்

விதிமுறைகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றவும், கணக்கை நிறுத்தவும், நிலுவைத் தொகையை விசாரணை முடியும் வரை நிறுத்திவைக்கவும் நிறுவனத்துக்கு அதிகாரம் தரும் பிரிவுகள் பரவலாக உள்ளன. தளத்தைத் தொடர்ந்து பயன்படுத்துவதே மாற்றங்களை ஏற்றதாகும் என்னும் வாசகமும் உடன் இருக்கும். முழு வருமானத்தையும் ஒரே சந்தையில் பெறும் விற்பனையாளருக்கு இப்பிரிவே மிகப் பெரிய இடராகும்.

வழக்காடும் இடம்

பெரும்பாலானோர் படிக்காமல் கடந்து செல்லும் கடைசிப் பத்திகளில், பிணக்குகள் எந்த ஊர் நீதிமன்றத்துக்கு உட்பட்டவை என்னும் பிரிவு இருக்கும். நிறுவனத்தின் தலைமையகம் உள்ள பெங்களூரு, தில்லி போன்ற நகரம் அதில் குறிக்கப்படும். திருநெல்வேலியிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சில ஆயிரம் ரூபாய்க்காக அங்கு சென்று வழக்காடுவது இயலாத செயல் என்பதால், இப்பிரிவு ஒன்றே பல கோரிக்கைகளைத் தொடங்குமுன் முடித்துவிடக்கூடியது.

இத்தகைய பிரிவு இணையத்துக்கு முற்பட்டது. இது பற்றிய முக்கியமான தீர்ப்பு ஒன்று தமிழ்நாட்டு வழக்கில் எழுந்ததாகும். சேலத்தைச் சேர்ந்த ஏ. பி. ஏஜென்சீஸ் என்னும் நிறுவனம், குசராத்தைச் சேர்ந்த ஏ. பி. சி. லாமினார்ட் நிறுவனத்திடம் உலோக இழை நூல் வாங்குவதற்கு ஒப்பந்தம் செய்தது. பிணக்குகள் குசராத்தின் கைரா நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டவை என ஒப்பந்தத்தில் இருந்தது. எனினும் சேலத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. "மட்டும்" என்பது போன்ற விலக்கும் சொல் ஒப்பந்தத்தில் இல்லாததால், சேலம் நீதிமன்றத்தின் அதிகாரம் நீங்கவில்லை என 1989இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2013ஆம் ஆண்டு ஸ்வஸ்திக் கேசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறொரு விளைவை எட்டியது. "மட்டும்" என்னும் சொல் இல்லாவிடினும், ஓர் ஊரைக் குறிப்பிட்டதிலிருந்தே பிற ஊர்களை விலக்கும் நோக்கம் புலப்படுகின்றது என அது கூறியது. வழக்குத் தொடுக்கும் உரிமையை முற்றிலும் தடுக்கும் ஒப்பந்தம், ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி செல்லாது. ஆனால் சட்டப்படி அதிகாரமுள்ள பல நீதிமன்றங்களுள் ஒன்றைத் தெரிந்தெடுப்பது செல்லும். எனவே வணிகரான விற்பனையாளரை இப்பிரிவு பொதுவாகக் கட்டுப்படுத்தும்.

நுகர்வோரின் நிலை வேறு. 1986ஆம் ஆண்டின் பழைய நுகர்வோர் சட்டத்தில், எதிர்த்தரப்பின் இடத்தில் அல்லது வழக்கின் காரணம் எழுந்த இடத்தில் முறையிட வேண்டும். 2020 சூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இவற்றோடு, முறையிடுபவர் வசிக்கும் இடத்தையும் பணிபுரியும் இடத்தையும் சேர்த்தது. ஆகையால் பாளையங்கோட்டையில் வசிக்கும் ஒருவர், விதிமுறைகளில் எந்த நகரம் குறிக்கப்பட்டிருந்தாலும், திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடலாம்.

பிணக்குகளை நடுவர் மன்றமே தீர்க்கும் என்னும் பிரிவும் நுகர்வோர் ஆணையத்தின் வாயிலை அடைப்பதில்லை. எமார் எம்ஜிஎப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் இதை உறுதி செய்தது.

நுகர்வோருக்கான பாதுகாப்பு

2020 சூலை 23 அன்று அறிவிக்கப்பட்ட மின்வணிக விதிகளின்படி:

* குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும். அவர் முறையீட்டைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் உறுதிப்படுத்தி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.
* நுகர்வோரின் ஒப்புதல் வெளிப்படையான செயலால் பெறப்பட வேண்டும். முன்கூட்டியே குறியிடப்பட்ட கட்டங்கள் ஒப்புதலாகா.
* நிறுவனம் தானே விலகும்போது அதே அளவு கட்டணத்தை ஏற்காவிடில், வாங்குபவர் விலகும்போது கட்டணம் பெறக்கூடாது.
* விற்பனையாளரின் பெயர், முகவரி, வாடிக்கையாளர் தொடர்பு எண் ஆகியன காட்டப்பட வேண்டும்.
* தேடலில் பொருள்கள் வரிசைப்படுத்தப்படும் முதன்மை அளவுகோல்கள் எளிய மொழியில் விளக்கப்பட வேண்டும்.
* ஒரே வகைப் பொருள்களை அல்லது விற்பனையாளர்களை வேறுபட்ட முறையில் நடத்தினால், அதைச் சேவை விதிமுறைகளில் விவரிக்க வேண்டும்.

2019ஆம் ஆண்டுச் சட்டம் "நியாயமற்ற ஒப்பந்தம்" என்னும் கருத்தையும் கொண்டுவந்தது. மிகையான வைப்புத்தொகை கேட்பது, ஏற்பட்ட இழப்புக்குப் பொருந்தாத தண்டம் விதிப்பது, தக்க காரணமின்றி ஒருதலையாக ஒப்பந்தத்தை முறிப்பது முதலியன இதில் அடங்கும். நுகர்வோருக்கு நியாயமற்ற நிபந்தனைகளைச் செல்லாதவை என அறிவிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும் உண்டு. மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. பயனரைத் தந்திரமாகச் சிக்கவைக்கும் 13 வகையான திரை வடிவமைப்புகள் 2023 நவம்பர் 30 அன்று வெளியான வழிகாட்டு நெறிகளால் தடை செய்யப்பட்டன.

செலுத்திய தொகை 50 இலட்சம் ரூபாய் வரை இருப்பின் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். 5 இலட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைக்க வேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். 2025 சனவரி 1 அன்று தொடங்கப்பட்ட இ-ஜாக்ரிதி தளத்தின் வழியே இணையத்திலும் முறையிடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 ஆகும்.

விற்பனையாளரின் நிலை

வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் நுகர்வோர் சட்டத்தின் வரைவிலக்கணத்துக்குள் வருவதில்லை. ஆகவே மேற்கூறிய பாதுகாப்புகளில் பெரும்பாலானவை விற்பனையாளருக்குக் கிட்டுவதில்லை. மின்வணிக விதிகளின்படி சந்தைக்கும் விற்பனையாளருக்கும் இடையே எழுத்து வடிவில் முன்கூட்டிய ஒப்பந்தம் இருத்தல் வேண்டும். ஆனால் அதில் என்ன இருக்கலாம், என்ன இருக்கலாகாது என்பதை அவ்விதிகள் விரிவாக வரையறுக்கவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 சூலை 12 முதல் பொருந்தும் ஒழுங்குவிதி இதிலிருந்து வேறுபட்டது. விதிமுறைகளை மாற்றக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். கணக்கை நிறுத்தினால் காரணம் கூற வேண்டும். முற்றிலும் நீக்குவதாயின் பொதுவாக 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். இந்தியாவில் விற்பனையாளருக்கென இதற்கு இணையான தனிச்சட்டம் இல்லை. ஒப்பந்தத்தில் எத்தனை நாள் முன்னறிவிப்பு எழுதப்பட்டுள்ளதோ அதுவே அவருக்குள்ள உரிமை. எனவே வாங்குபவரைவிட விற்பவரே விதிமுறைகளைக் கூர்ந்து படிக்க வேண்டியவர் ஆகின்றார்.

புவிசார் குறியீடும் பொருளின் பெயரும்

பத்தமடைப் பாய் புவிசார் குறியீடாகப் பதிவு பெற்றது. பொருள்களின் புவிசார் குறியீடுகள் சட்டம், 1999 இன்படி, அப்பகுதியில் உருவாகாத பாயை அப்பெயரில் விற்பது உரிமை மீறலாகும். சந்தை நிறுவனம் இடைநிலையாளர் என்பதால், நீதிமன்ற ஆணை அல்லது அரசு அறிவிப்பு வழியே அறிய வரும்போதே ஒரு பதிவை நீக்கும் சட்டக் கடமை அதற்கு எழுகின்றது என உச்ச நீதிமன்றம் 2015ஆம் ஆண்டு சிரேயா சிங்கால் வழக்கில் விளக்கியது.

இங்கே சேவை விதிமுறைகள் நெசவாளருக்குத் துணையாகவும் அமையலாம். பிறர் அறிவுசார் சொத்துரிமையை மீறும் பொருளை விற்கமாட்டேன் என ஒவ்வொரு விற்பனையாளரும் உறுதியளித்திருப்பார். அவ்வுறுதி மீறப்பட்டதாக உரிமையாளர் முறையிடும் படிவத்தைப் பல சந்தைகள் வைத்துள்ளன. நீதிமன்றம் செல்லாமலேயே போலிப் பதிவை நீக்கக் கோருவதற்கு இது வழி தருகின்றது. குறியீட்டுப் பதிவேட்டில் அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தம் பெயரைச் சேர்த்துக்கொண்டவருக்கு இத்தகைய முறையீடு எளிதாகும்.

மொழி

பிளிப்கார்ட், அமேசான் ஆகியவை 2020இல் தமிழ் இடைமுகத்தை அறிமுகப்படுத்தின. பொருளைத் தேடுவதும் வாங்குவதும் தமிழில் இயலும். எனினும் இந்தியச் சந்தைகளில் ஒப்பந்தம் பொதுவாக ஆங்கிலத்திலேயே உள்ளது. மொழிபெயர்ப்பு தரப்பட்டாலும், முரண்பாடு எழுந்தால் ஆங்கில வடிவமே செல்லும் எனக் கூறுவது வழக்கம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 தனிநபர் தகவல்களைப் பொறுத்த அளவில் இதை மாற்ற முனைகின்றது. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைப் பயனருக்கு அளிக்க வேண்டும் என அது கூறுகின்றது. அம்மொழிகளுள் தமிழும் ஒன்று. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஒப்புதல் பற்றிய கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வரும் வகையில் அமைக்கப்பட்டன. விற்பனை, கட்டணம், பொறுப்பு பற்றிய விதிமுறைகளை இக்கடமை தழுவாது.

விதிமுறைகளைப் படிக்கும் முறை

முழு ஆவணத்தையும் ஒரே மூச்சில் படிப்பது கடினம். பின்வரும் கேள்விகளுக்கு விடை தேடிப் படிப்பது பயன் தரும்.

வாங்குபவர்:

1. விற்பனையாளர் யார்? அவர் முகவரி தரப்பட்டுள்ளதா?
2. திருப்புதல் காலம் எந்நாளிலிருந்து கணக்கிடப்படுகின்றது?
3. பணம் வங்கிக் கணக்குக்குத் திரும்புமா, தளத்தின் பணப்பைக்கா?
4. குறைதீர் அலுவலரை எவ்வாறு தொடர்புகொள்வது?

விற்பனையாளர்:

1. விற்ற பொருளுக்கான பணம் எத்தனை நாளில் வரும்? எக்காரணங்களால் அது நிறுத்தப்படலாம்?
2. திருப்புதலின் இருவழிச் செலவு யாருடையது? வழியில் சேதமானால் பொறுப்பு யாருடையது?
3. எந்த வெளிப்பக்கங்கள் ஒப்பந்தத்தின் பகுதியாகச் சேர்க்கப்பட்டுள்ளன?
4. கட்டண மாற்றத்துக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு?
5. கணக்கு முடக்கப்பட்டால் மேல்முறையீடு உண்டா? எத்தனை நாளுக்குள்?
6. பிணக்கு எழுந்தால் எந்த ஊர்? நீதிமன்றமா, நடுவர் மன்றமா?

ஏற்ற நாளில் இருந்த விதிமுறைகளின் படியையும், பொருள் பக்கத்தின் திரைப்படத்தையும், பொதி கட்டும்போதும் பிரிக்கும்போதும் எடுத்த ஒளிப்படங்களையும் சேமித்துவைத்தல் நன்று. விதிமுறைகள் பின்னர் மாற்றப்பட்டால், எந்த வடிவத்துக்கு உடன்பட்டோம் என்பதை நிறுவ இவையே சான்றாகும்.

இவற்றையும் பார்க்க

* இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872
* தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000
* நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019
* புவிசார் குறியீடு
* பத்தமடைப் பாய்
* மின்வணிகம்